21 சென்ட் ஓட்டு: அரிசோனாவில் வீடு வாங்கலாமா?

கேள்வி, 3 மார்ச் 2024

கம்பெனியில் என்னை அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சாண்ட்லருக்கு மாற்றுகிறார்கள். அங்கே வீடு வாங்கலாமா? கொலராடோ ஆறு வற்றிக்கொண்டிருக்கிறது, பத்து வருடத்தில் ஃபீனிக்ஸே காலியாகிவிடும், பாலைவனத்தில் போய்ப் பணத்தைக் கொட்டாதே என்கிறார் மச்சான். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்.

4 மார்ச்

அரசியல் இல்லாமல் தண்ணீரா? சரி, முயற்சி செய்கிறேன். வந்து பதினாறு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் சாண்ட்லரில் வாடகை வீடு, அப்புறம் பக்கத்து ஊரான மேசாவில் ஒரு பழைய வீடு.

உங்கள் மச்சான் சொல்வது பாதி சரி. கொலராடோ தண்ணீரை 336 மைல் கால்வாய் வெட்டி, மேட்டில் ஏற்றி, பாலைவனத்தைக் கடத்திக் கொண்டுவருகிறார்கள். 1973இல் ஆரம்பித்து 1993இல் முடித்த வேலை. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அடுத்த வருடம் அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர்-அடி வெட்டு. ஒரு ஏக்கர்-அடி என்றால் சுமார் 12.3 லட்சம் லிட்டர், மீதியைப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் குழாயில் ஒரு சொட்டு குறையவில்லை. அடி விழுந்தது பெரும்பாலும் பினால் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பருத்தியும் குதிரைமசால் என்ற மாட்டுத்தீவனமும் போடுகிறவர்கள் தலையில். கால்வாய்த் தண்ணீருக்கு ஒரு வரிசை உண்டு, அவர்கள் கடைசியில் நிற்கிறார்கள்.

1980ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டமும் இருக்கிறது. அதன்படி 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்டாமல் இங்கே வீடு கட்டி விற்க முடியாது. அதனால் தைரியமாக வாங்குங்கள்.

5 மார்ச்

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரிகளை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

அந்த 100 வருட விதி எல்லா இடத்துக்கும் இல்லை. ஃபீனிக்ஸ், டூசான் மாதிரி வரையறுத்த பகுதிகளுக்குத்தான். அங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. நிலத்தை ஆறு மனையாகவோ அதற்கு மேலோ பிரித்தால்தான் சான்று கேட்பார்கள். ஐந்தாகப் பிரித்தால் கேட்பதில்லை. ஐந்தைந்தாகப் பிரித்தே ஊர் உண்டாக்கிவிட்டார்கள். ஸ்காட்ஸ்டேலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அப்படி உண்டானதுதான். பல லட்சம் டாலர் வீடுகள், குழாய் இணைப்பு கிடையாது, பல பேர் லாரித் தண்ணீரில் ஓட்டினார்கள். லாரிக்காரர்கள் ஸ்காட்ஸ்டேல் நகரத்தில் தண்ணீர் பிடித்தார்கள். 2023 ஜனவரி 1ஆம் தேதி நகரம் நிறுத்திவிட்டது. ஆற்றில் பற்றாக்குறை, நீங்கள் எங்கள் எல்லைக்குள் இல்லை, எங்களுக்கு ஓட்டுப் போடுபவர்களும் இல்லை என்பதுதான் காரணம். மழைத் தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள், பேப்பர் தட்டில் சாப்பிட்டார்கள். சட்டசபை புதுச் சட்டம் போட்டு, அக்டோபரில்தான் இடைக்கால ஏற்பாடு வந்தது.

2023 ஜூனில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் இன்னொன்றும் சொன்னார். ஃபீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதுக் குடியிருப்புகளுக்கு இனி அனுமதி கிடையாது. ஏற்கெனவே அனுமதி பெற்றதைத் தொடவில்லை. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நகராட்சியா, தனியார் கம்பெனியா, கிணறா, லாரியா? சாண்ட்லர், மேசா, டெம்பி மாதிரி பழைய நகரங்களுக்கு சால்ட் ஆற்றுத் தண்ணீரும் கொலராடோ கால்வாயும் சேர்ந்து இருக்கின்றன. பயப்பட வேண்டியதில்லை.

அரசியல் வேண்டாம் என்றீர்கள். இரண்டாவது நாளே உள்ளே வந்துவிட்டது.

10 மார்ச்

இன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாள். இங்கே தள்ள மாட்டோம். ஜூலையில் சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் வெயில் எந்தப் பைத்தியத்துக்கு வேண்டும்? 1968லிருந்து இப்படித்தான். இந்தியாவுக்கும் எங்களுக்கும் வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், அம்மாவுக்குக் கணக்கு சுலபம். வடகிழக்கே நவஹோ மக்களின் நிலத்தில் மட்டும் தள்ளுவார்கள். அந்த நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி மக்கள் தள்ள மாட்டார்கள். ஒருமுறை அந்தச் சாலையில் போய்ச் சாப்பாட்டுக் கடையை ஒரு மணி நேரத்தில் தவறவிட்டேன்.

24 மார்ச்

பழைய வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் முறை இருக்கிறது.

மேசாவின் பழைய தெருக்கள் சிலவற்றில் வீட்டுத் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வரும். தெளிப்பான் இல்லை, சொட்டுநீர் இல்லை. தோட்டத்தைச் சுற்றி வரப்பு, ஒரு மூலையில் திருகு மடை. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குளிரில் மாதம் ஒருமுறை. நேரம் குறித்து அனுப்புவார்கள், அது பகலா ராத்திரியா என்பது நம் கையில் இல்லை. பெரிய மடையைத் திறந்துவிடுகிறவருக்கு ஸ்பானிய மொழியில் சான்ஹேரோ என்று பெயர். இன்றும் அதுதான் உத்தியோகப் பெயர். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கண்மாயில் மடை திறந்துவிடும் நீர்க்கட்டி ஞாபகம் வந்தார். சிவகங்கைப் பக்கம் அரைமுழம் குறைந்தாலும் மடையில் அடிதடி நடக்கும் ஊர் எங்களுடையது. அதிலிருந்து தப்பித்து, இன்ஜினீயரிங் படித்து, கடல் தாண்டி வந்து, ராத்திரி 2.40க்கு மண்வெட்டியோடு மடையில் நிற்கிறேன்.

இதைக் கொடுப்பது சால்ட் ரிவர் ப்ராஜெக்ட். 1903இல் இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் தங்கள் நிலத்தை ஈடு வைத்து மத்திய அரசின் பணத்தில் அணை கட்டச் சேர்ந்தார்கள். 1911இல் ரூஸ்வெல்ட் அணை முடிந்தது. இன்று அதே நிறுவனம் பத்து லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் மின்சாரமும் விற்கிறது. தண்ணீர்ச் செலவைத் தாங்குவதே அந்தக் காசுதான்.

அதன் நிர்வாகக் குழுவுக்கு ஏப்ரல் 2இல் தேர்தல். அதில் பெரும்பாலான இடங்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, ஏக்கருக்கு ஒரு ஓட்டு. ஐந்து ஏக்கர் இருந்தால் ஐந்து ஓட்டு. எனக்கு இருப்பது 0.21 ஏக்கர், ஆகவே 0.21 ஓட்டு. அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப உனக்கு இருபத்தொரு சென்ட் ஓட்டு" என்றார். வீட்டில் எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

நீங்களும் வாங்கினால் ஓட்டுப் போடலாம்.

25 மார்ச்

மறுபடியும் திருத்தம். எல்லோரும் போட முடியாது. அந்த நிறுவனத்தின் பழைய எல்லைக் கோட்டுக்குள் நிலம் வேண்டும், அரிசோனாவில் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். அதாவது குடியுரிமை. ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் வீடு உங்களுடையதாக இருந்தாலும் சென்ட் கணக்குக்கூட இல்லை. வாடகைக்காரர்களுக்கும் இல்லை. எல்லைக்கு வெளியே இருந்து மின்கட்டணம் மட்டும் கட்டுகிறவர்களுக்கும் இல்லை. சாண்ட்லரில் ஒன்பது வருடம் மாதாமாதம் பணம் கட்டினேன், இப்படி ஒரு தேர்தல் இருப்பதே தெரியாது.

இது செல்லுமா என்று வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1981இல் ஐந்துக்கு நான்கு என்று செல்லும் என்றார்கள். இந்த அமைப்பு சாதாரண அரசாங்கம் மாதிரி இல்லை, அதன் மூல வேலை தண்ணீர், அந்தச் சுமையை நிலக்காரர்தான் தாங்குகிறார் என்பது வாதம். அந்த மூல வேலைக்குப் பக்கத்தில் மின்சாரம் மலைபோல் வளர்ந்ததை என்ன செய்வது என்று எனக்கும் புரியவில்லை.

28 மார்ச்

"நிலம் இருப்பவனுக்குத்தான் ஓட்டு என்பது அநியாயம், இதுவா ஜனநாயகம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அதேதான் நினைத்தேன். ஆனால் நம் ஊரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களிலும் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் ஓட்டு. வயலில் இறங்கிக் கூலிக்கு நாற்று நட்ட பெண்களுக்கு இல்லை. அப்போது எனக்கு அது உறுத்தவே இல்லை. எங்களுக்கு நிலம் இருந்தது.

3 ஏப்ரல்

போட்டாயிற்று. தபால் வாக்குச்சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. எங்கள் தெருவில் ஏழு வீட்டில் கேட்டேன், இரண்டு பேர்தான் வாங்கியிருந்தார்கள். கூரையில் சோலார் போட்டவர்களுக்கு என்ன கட்டணம், எரிவாயு ஆலையைப் பெருக்குவதா வேண்டாமா, எல்லாம் இந்தக் குழுதான் முடிவு செய்கிறது. டிவியில் பைடன், டிரம்ப் தவிர ஒன்றும் ஓடவில்லை.

19 மே

ஒரு அவமானத்தையும் எழுதிவிடுகிறேன். போன முறை மடையைத் திறந்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். முழித்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் கணுக்கால் தண்ணீர், அட்டைப்பெட்டிகள் மிதக்கின்றன. எங்கள் ஊராக இருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். அவர் தன் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்து, என் பக்கத்து வரப்பு எங்கே தாழ்ந்திருக்கிறது என்று காட்டினார். பருத்தி விவசாயி வீட்டுப் பிள்ளையாம். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வரப்பு போட்டோம். பதிலுக்கு முருங்கைக்காய் கொடுத்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆமாம், முருங்கை இங்கே காடாக வளரும். இந்த வெயிலுக்கு என்றே பிறந்த மாதிரி. உறைபனி வந்தால் கருகும், அடிமரத்திலிருந்து மறுபடி தழைக்கும். ஆனால் கில்பர்ட்டில் இருக்கும் நண்பர் வைத்த மரம் மதிலைத் தாண்டியதற்கு அவர் குடியிருப்புச் சங்கம் கடிதம் அனுப்பியது. குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரிந்ததற்கு ஒன்று, சரளைக்கல் நடுவே களை முளைத்ததற்கு ஒன்று. இந்த ஊரில் உங்கள் அன்றாடத்தில் கை வைக்கும் அரசாங்கம் வாஷிங்டனில் இல்லை, உங்கள் குடியிருப்புச் சங்கம்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் விதிப் புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். கில்பர்ட் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருந்தும் இன்னும் 'டவுன்' என்றே எழுதிக்கொள்கிறது, அது வேறு.

20 மே

பாலைவனத்தில் புல்வெளிக்குத் தண்ணீர் கட்டுகிறாயே, வெட்கமில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் வருடம் எனக்கே குற்ற உணர்ச்சிதான், சரளைக்கல் கொட்டி மூடிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் ஒரு ஜூலையில் எங்கள் தெருவிலிருந்து சரளைக்கல் தெருவுக்குச் சைக்கிளில் போனேன். முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. மரம் இருக்கும் தெருவில் ராத்திரியாவது கொஞ்சம் இறங்குகிறது.

ஆனால் இதைச் சொல்லி நியாயப்படுத்தவும் கூச்சமாக இருக்கிறது. நிழலும் தண்ணீரும் பழைய நிலக்காரர் தெருவில், வெக்கை வாடகைக்காரர் தெருவில். மாநிலத்தின் தண்ணீரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விவசாயத்துக்குப் போகிறது, அதன் பக்கத்தில் என் 21 சென்ட் ஒன்றுமில்லை என்பார்கள். அது உண்மை. லா பாஸ் கவுண்டியில் ஒரு சவுதி கம்பெனி அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குதிரைமசால் வளர்த்து, கப்பலில் தன் நாட்டு மாடுகளுக்கு அனுப்பியது. அந்தப் பகுதியில் நிலத்தடி நீருக்குக் கட்டுப்பாடே இல்லை, எவ்வளவு ஆழம் போக முடியுமோ அவ்வளவு உறிஞ்சலாம். 2023 அக்டோபரில் ஆளுநர் ஒரு குத்தகையை ரத்து செய்து, மற்றதைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதே வயலில் உள்ளூர்க்காரர் அதே பயிரைப் போட்டு அதே கப்பலில் அனுப்பினால் யாரும் வாய் திறப்பதில்லை.

7 ஜூலை

வெயில் எப்படி என்று இப்போது கேட்கிறீர்களே! நீங்கள் வரும் மாதம் அக்டோபர் என்பதால் தப்பித்தீர்கள்.

போன வருடம் 110 பாரன்ஹீட், அதாவது 43 டிகிரிக்கு மேல், தொடர்ந்து 31 நாள். 2023 ஜூலை 19 அன்று ராத்திரி குறைந்தபட்சமே 97. நம் கணக்கில் 36 டிகிரி, அதுவும் விடிகாலையில். அந்த வாரம்தான் எங்கள் ஏசி நின்றது. வீட்டு உத்தரவாதத் திட்டம் என்று ஒரு கம்பெனிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தேன். போன் செய்தால் ஆள் அனுப்ப நான்கு நாள் ஆகும் என்றது. சாயங்காலம் வீட்டுக்குள் 96. மனைவி, பெண், இரண்டு தலையணை, ஒரு இட்லிமாவுப் பாத்திரம், சாண்ட்லர் நண்பர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். கடைசியில் பழுது என்ன தெரியுமா? கெப்பாசிட்டர், இருபது டாலர் சாமான். அதிலிருந்து ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். உப்பு, புளி, மிளகாய், கெப்பாசிட்டர்.

போக நண்பர் வீடு இருந்தது, அதனால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்த வருடம் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். 2018இல் ஒரு மூதாட்டி 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்டு வீட்டுக்குள் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை துண்டிக்கக் கூடாது என்று, மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநிலத்தின் கார்ப்பரேஷன் கமிஷன் விதி கொண்டுவந்தது. ஐந்து பேர் கமிஷன், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. பெயரைக் கேட்டால் முனிசிபாலிட்டி மாதிரி இருக்கிறதா? நானும் பல வருடம் அப்படி நினைத்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவந்தேன்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் கமிஷனின் கட்டணத் தீர்ப்பு தனியார் மின் நிறுவனங்களுக்குத்தான். சால்ட் ரிவர் ப்ராஜெக்ட் அதன் கீழ் வராது, அதன் கட்டணத்தை அதன் குழுவே வைக்கும். அந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பதோ ஏக்கர். அப்படியானால் அந்த மின்சாரத்தில் வாடகைக்கு இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பது? நீங்கள் முதல் இரண்டு வருடம் வாடகைக்கு இருக்கப் போவதாகச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

18 ஆகஸ்ட்

மழைக்காலம் என்று நாட்காட்டியில் இருக்கிறது, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. இந்த வருடம் வானம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. புழுதிப்புயல் மட்டும் சுவர் மாதிரி எழும்பி வருகிறது. கார் ஓட்டும்போது வந்தால் சாலையை விட்டு ஓரம் போய், விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவன் அதைச் சாலை என்று நம்பி வந்து இடிப்பான்.

மழை பெய்தால் வறண்ட ஓடைகளில் பத்து நிமிடத்தில் வெள்ளம். தடுப்பு வைத்த ஓடையில் காரை விட்டு மாட்டிக்கொண்டால் மீட்கும் செலவில் 2,000 டாலர் வரை உங்களிடமே வாங்க 1995லிருந்து சட்டம் இருக்கிறது. ஊர் வழக்கில் அதற்கு 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றுதான் பெயர். என் பெண் அதை 'மடையன் சட்டம்' என்று மொழிபெயர்த்தாள். மடையன் என்ற சொல்லே மடையிலிருந்து வந்தது என்று அப்பா சொல்வார். மூலம் அதுதானா என்று இங்கே சண்டை வேண்டாம். கராஜ் கதையைப் படித்தவர்களுக்கு நான் யார் என்று தெரியும்.

முதல் தூறலில் கிரியோசோட் என்ற புதரிலிருந்து ஒரு வாசனை வரும். நம் மண்வாசனை இல்லை, கொஞ்சம் தார் கலந்த மாதிரி. வந்த புதிதில் பிடிக்கவில்லை. இப்போது அதற்காக ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

13 அக்டோபர்

நவம்பர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது, இரண்டு பெரிய தாள். மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்ய மாநில அளவில் மட்டும் 13 முன்மொழிவுகள். அப்புறம் ஒவ்வொரு நீதிபதியாகப் பதவியில் வைக்கலாமா வேண்டாமா என்று நீண்ட பட்டியல். ஞாயிறு காலை இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம், மதியச் சாப்பாடு ஆகிவிட்டது. மனைவி நீதிபதிகளின் மதிப்பீட்டு அறிக்கையை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். நான் எல்லோரையும் வைத்துவிடலாம் என்கிற கட்சி.

137ஆம் முன்மொழிவு வேடிக்கை. அது ஜெயித்தால் நல்லபடி நடக்கும் நீதிபதிகள் பெரும்பாலும் தேர்தலைச் சந்திக்க வேண்டாம், அதுவும் இந்தத் தேர்தலிலிருந்தே. அதாவது ஒரு தாளில் நீதிபதிகளுக்குப் போடும் ஓட்டை இன்னொரு கட்டத்தில் போடும் ஓட்டு செல்லாமல் ஆக்கும்.

சட்டசபை உறுப்பினருக்குச் சம்பளம் வருடத்துக்கு 24,000 டாலர். 1998க்குப் பிறகு ஏற்ற மக்கள் ஓட்டுப் போடவில்லை. அதனால் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் ஓய்வு பெற்றவர், சொந்தத் தொழில் உள்ளவர், வீட்டில் இன்னொரு சம்பளம் உள்ளவர். பள்ளிக்கூட வாத்தியார் நின்று ஜெயித்தால் ஜனவரியிலிருந்து வகுப்புக்கு யார் போவது?

இந்த வருடம் மே 27இலிருந்து செப்டம்பர் 16 வரை 113 நாள் தொடர்ந்து 100க்கு மேல். அக்டோபர் பாதியாகியும் ஏசி நிற்கவில்லை. வந்து இறங்கியவர் "அக்டோபரில் குளிரும் என்றீர்களே" என்று கேட்டிருக்கிறார். ஜூலையில் நான் சொன்னதுதான். திரும்பப் பெறுகிறேன்.

24 நவம்பர்

137 தோற்றது, பெரிய வித்தியாசத்தில். மனைவியின் மூன்று மணி நேரம் வீண் போகவில்லை.

கேள்வி கேட்டவர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். நேரில் பார்த்தால் வயதில் சின்னவர், அண்ணே என்று கூப்பிடுகிறார். வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், டெம்பி எல்லைக்குப் பக்கத்தில். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, பல நூற்றாண்டுக்கு முன் இங்கே வாழ்ந்த ஹோஹோகம் பழங்குடி மக்கள் கல் கருவியால் வெட்டிய வாய்க்கால்களின் தடம் இன்னும் அங்கே தெரியும். அங்கே அழைத்துப் போனேன். 1878இல் மேசாவில் குடியேறிய மார்மன் மதப் பிரிவினர் அந்தப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரித்தான் தண்ணீர் விட்டார்கள். நம் ஆள் குனிந்து பார்த்துவிட்டு, "இவங்க ஏன்ணே விட்டுட்டுப் போனாங்க?" என்றார். வறட்சி, வெள்ளம், மண்ணில் உப்பு என்று பல காரணம் சொல்கிறார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, தெற்கே ஹீலா ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். 2004 ஒப்பந்தத்துக்குப் பிறகு கொலராடோ கால்வாய்த் தண்ணீரில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையதுதான். தங்கள் கால்வாய் மேல் சோலார் பலகை போட்டிருக்கிறார்கள், குஜராத்தில் 2012இல் செய்த மாதிரி. அவர்களிடம் தண்ணீரைக் குத்தகைக்கு வாங்கும் நகரங்களின் பட்டியலில் சாண்ட்லரும் உண்டு, மச்சானிடம் சொல்லுங்கள் என்றேன்.

வாய்க்கால்களைப் பகுதி பகுதியாக வற்றவைத்து மராமத்து பார்க்கும் காலம் இது. களை தின்பதற்கு வாய்க்காலில் மீன் விட்டிருக்கிறார்கள், வற்றவைக்கும் முன் அதுகளை வலைபோட்டு வேறு வாய்க்காலுக்கு மாற்றுவார்கள். போகும்போது இரண்டு முருங்கைப் போத்து வெட்டிக் கொடுத்தேன். தொட்டியில்தான் வைக்க முடியும், வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வைக்கிறேன் என்றார்.